கும்பிடுபூச்சிக்கு என்ன நிறம் அடிப்பது?

கரிக்கோல்:

வணக்கம். ஆறு முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஒரு பூச்சியை நானே கோட்டுப்படமாக வரைந்து நகல் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் வண்ணம் அடிப்பார்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பூச்சியைப் பற்றி நாலு சேதி சொல்வேன். எறும்பு, பொன்வண்டு, தட்டான் எல்லாம் முடிந்து போன வாரம் கும்பிடுபூச்சி.

ஏழு வயதுப் பெண் ஒருத்தி அதற்கு இளஞ்சிவப்பு அடித்தாள். பக்கத்தில் இருந்த பையன், "இது பச்சைதான், நீ அடிச்சது தப்பு" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நானும், "ஆமாம் கண்ணு, பச்சையாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் பச்சைக் கிரேயானை எடுத்து, அடித்த இளஞ்சிவப்பின் மேலேயே அழுத்தித் தேய்த்தாள். படம் முழுக்கச் சேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, நிறத்தை அவர்கள் விருப்பத்துக்கு விட்டிருக்க வேண்டுமா, இல்லை உள்ள நிறத்தைச் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு, இந்தப் பூச்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னவெல்லாம் இருக்கிறது? என் படத்தையும் இணைத்திருக்கிறேன், தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

இலைமறை:

முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பெண் சரியாகத்தான் அடித்திருக்கிறாள். இளஞ்சிவப்புக் கும்பிடுபூச்சி உண்டு. ஆர்க்கிட் கும்பிடுபூச்சி என்று பெயர். மலேசியா, இந்தோனேசியா பக்கத்துக் காடுகளில் வாழ்கிறது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். நடக்கும் கால்கள் நான்கிலும் தொடைப்பகுதி தட்டையாக விரிந்து பூவிதழ் போலவே இருக்கும். சில நாட்களில் வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்புக்கும், திரும்ப வெள்ளைக்கும் மாறக்கூடியது.

அது பூவில் ஒளிந்துகொண்டு இரைக்குக் காத்திருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் வேறு மாதிரித் தெரிந்தது. பூவே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் தேனீயும் மற்ற பூச்சிகளும் அதைத் தேடி வருகின்றன. அக்கம்பக்கத்தில் இருந்த நிஜப் பூவைவிட இதை நோக்கி அதிகம் வந்தன. அது பூவுக்குள் ஒளியவில்லை, அதுவே பூவாக இருக்கிறது.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம், அந்தப் பையனும் இருக்கும்போது சொல்லுங்கள். அவனைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவன் பார்த்ததும் நிஜம்தான்.

கரிக்கோல்:

இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தும்பிவீடு:

இலைமறை அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு சின்ன ஆட்சேபம். பிள்ளைகள் வீட்டைச் சுற்றிப் பார்க்கப்போவது பச்சையோ பழுப்போதான். எங்கோ காட்டில் இருப்பதைக் காட்டிக் காட்டி, கண்ணெதிரே இருப்பதைச் சாதாரணம் என்று நினைக்கவைத்துவிடக் கூடாது. செடியில் ஒரு கும்பிடுபூச்சியைக் கண்டுபிடித்த அன்று என் மகன் மதியச் சாப்பாட்டையே மறந்தான். அது வெறும் பழுப்புப் பூச்சிதான்.

அந்தப் பச்சை, பழுப்பிலேயே சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஒரே இனத்திலேயே பச்சையும் இருக்கும் பழுப்பும் இருக்கும். வளரும் இடத்தின் ஈரம், வெளிச்சம் இவற்றைப் பொறுத்து, சட்டை உரிக்கும்போது நிறம் மாறலாம். காட்டுத்தீயில் கருகிய புல்வெளிகளில் சில இனங்கள் கரி போலக் கறுத்தே போய்விடும்.

நிறம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1904இல் செஸ்னோலா என்பவர் பச்சைப் பூச்சிகளையும் பழுப்புப் பூச்சிகளையும் பட்டு நூலால் செடிகளில் கட்டிவைத்தார். பச்சைப் புல்லில் பச்சையும், காய்ந்த புல்லில் பழுப்பும் கட்டியபோது 17 நாளுக்குப் பிறகும் எல்லாமே உயிரோடு இருந்தன. காய்ந்த புல்லில் கட்டிய 25 பச்சைப் பூச்சிகள் 11 நாளுக்குள் ஒன்று மிச்சமில்லாமல் போயின. நூலில் கட்டிய பூச்சிகளை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு நிறம் ஓர் உயிரின் விலை என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

இதையே வண்ணத்தாளில் செய்து பார்க்கலாம். பூச்சியை மட்டும் தராமல் பின்னால் செடியையும் சேர்த்து வரைந்து கொடுங்கள். முதலில் செடிக்கு வண்ணம், அப்புறம் பூச்சிக்கு. "பறவை கண்ணுக்குப் படாமல் ஒளித்துவை" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். எந்த நிறம் என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

கரிக்கோல்:

அடடா! இப்படி ஒரு கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நிறம் சரியா தப்பா என்பது பூச்சியை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை, அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லையா?

நாற்கால்:

படத்தைப் பார்த்தேன். கோடு அழகாக வந்திருக்கிறது. நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பூச்சிகளைப் படம் எடுத்துக்கொண்டிருப்பவன். அந்தப் பழக்கத்தில் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னைக் கேட்டால் நிறத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். கோடு மட்டும் சரியாக இருக்க வேண்டும். கோட்டைத்தான் அவர்கள் கை பின்தொடர்ந்து போகிறது, அதுதான் மனசில் தங்கும்.

ஆறு காலையும் வயிற்றிலிருந்து வரைந்திருக்கிறீர்கள். பூச்சிகளின் கால் எல்லாமே மார்பில்தான் முளைக்கும். கும்பிடுபூச்சியில் இது குழப்புவதற்குக் காரணம், நாம் கழுத்து என்று நினைக்கும் அந்த நீளமான தண்டு கழுத்தே இல்லை, மார்பின் முன்பகுதி. முன்கால் இரண்டும் அந்தத் தண்டின் மேல்முனையில், தலைக்குச் சற்றுக் கீழே இருக்கும். மற்ற நான்கும் தண்டின் அடியில், வயிறு தொடங்குவதற்கு முன்னால். நடப்பது, நிற்பது எல்லாம் இந்த நான்கு காலில்தான். நான் என் பெயரை வைத்துக்கொண்டதும் இதனால்தான்.

அடுத்தது முன்கால். கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் ஒட்டி, விரல் வைத்து வரைந்திருக்கிறீர்கள். உண்மையில் அது மடக்குக் கத்தி மாதிரி. முதலில் நீண்ட ஒரு பாகம், அது மற்ற பூச்சிகளில் சின்னதாக இருக்கும், இதில் மட்டும் நீளம். அப்புறம் தடித்த தொடை. அதற்கப்புறம் தொடையின் மேல் மடிந்து படியும் கால்பாகம். தொடையின் உள்விளிம்பிலும், அதன் மேல் வந்து மூடும் பாகத்திலும் வரிசையாக முட்கள். இரை நடுவில் மாட்டினால் இரண்டு முள்வரிசையும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி இறுகிவிடும். முள்ளை வரையாமல் விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். நுனியில் மெல்லிய பாதம் ஒன்று பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், பார்த்தால் வேண்டாத ஒட்டுப்போலத் தோன்றும். ஆனால் செடியில் ஏறும்போது அதைத்தான் ஊன்றும்.

தலை முக்கோணம். மேல்மூலை இரண்டிலும் பெரிய கூட்டுக்கண். நடுவில், இரண்டு உணர்கொம்புகளுக்கு மத்தியில், சின்னச் சின்னதாக மூன்று கண்கள் உண்டு. ஆகமொத்தம் ஐந்து கண். மூன்று புள்ளி வைத்துவிட்டு, "இது என்ன, கண்டுபிடி" என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் சிறகோடு வரைந்திருப்பது வளர்ந்த பூச்சி. குஞ்சுகளுக்குச் சிறகு கிடையாது, மற்றபடி அப்படியே சின்ன உருவம். வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கூட்டுப்புழுவாக இருந்து மாறுவதெல்லாம் இதில் இல்லை.

கரிக்கோல்:

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, இதைத்தானே கேட்டேன். ஒரே ஒரு சந்தேகம். கண்ணில் கருமணி போட்டிருக்கிறேனே, அது சரியா? ஒளிப்படங்களில் எல்லாம் ஒரு கறுப்புப் புள்ளி நன்றாகவே தெரிகிறது.

நாற்கால்:

நல்ல கேள்வி. அந்தப் புள்ளி தெரிவது நிஜம், ஆனால் அது கருமணி இல்லை. கூட்டுக்கண் என்பது ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கண்கள் சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும் குழாய் மாதிரி. அவற்றில் எவை நேராக நம்மை நோக்கி இருக்கின்றனவோ, அவை மீது விழும் வெளிச்சம் உள்ளேயே போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. அதனால் அந்த இடம் மட்டும் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. நாம் இடப்பக்கம் நகர்ந்தால் புள்ளியும் நம்மோடு வரும். அது கண்ணைத் திருப்பி நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் கண் அசையவே இல்லை, அசைந்தது நாம்தான்.

ஆகவே புள்ளி வையுங்கள், ஆனால் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வையுங்கள். முடிந்தால் ஒரே தலையை மூன்று முறை வரைந்து, புள்ளியை அவர்களையே வைக்கச் சொல்லலாம். நேரே நின்று பார்த்தால் எங்கே, இந்தப் பக்கம் நின்றால் எங்கே, அந்தப் பக்கம் நின்றால் எங்கே என்று.

ராக்கண்:

கண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் மகள் ஒரு கும்பிடுபூச்சியை வாரக்கணக்கில் ஜன்னலோரச் செடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் எல்லாம் இல்லை, அது தானாக வந்து தங்கியது. ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் ஓடிவந்து, "அப்பா, அதுக்குக் கண்ணு கறுப்பாயிடுச்சு, செத்துப்போச்சா?" என்றாள். போய்ப் பார்த்தேன். பகலில் இலை நிறத்தில் இருந்த இரண்டு கண்ணும் கறுப்பு மணி மாதிரி இருந்தன. பூச்சி சாவகாசமாகத் தன் முன்காலை வாயில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது, பூனை பாதத்தை நக்குவது போல.

காலையில் மறுபடி பச்சை. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இருட்டில் கண்ணுக்குள் இருக்கும் நிறத்துகள்கள் இடம் மாறி, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் உள்ளே விடுகின்றன. அதனால் கண் கறுத்துத் தெரிகிறது. விடிந்ததும் பழையபடி ஆகிவிடும்.

அன்றைக்கு அவள் வரைந்த படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். தாளை நடுவில் மடித்து, ஒரு பாதியில் சூரியன், மறு பாதியில் நிலா. பூச்சி இரண்டிலும் ஒன்றேதான். கண் மட்டும் வேறு.

தும்பிவீடு:

ராக்கண் சார், படிக்கும்போதே அந்தப் பெண் ஓடிவருவது கண்முன் தெரிகிறது. கரிக்கோல், இந்த மடித்த தாள் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இலைமறை:

கண்ணை விட மனமில்லாததால் இன்னொன்று. கும்பிடுபூச்சிக்குக் கண்ணாடி மாட்டிய கதை பிள்ளைகளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட் என்பவரின் குழு செய்தது, 2016இல் வெளியிட்டார்கள். ஒரு கண்ணுக்கு நீலம், மறு கண்ணுக்குப் பச்சை என்று குட்டிக் குட்டிக் கண்ணாடித் தாளை வெட்டி, தேன்மெழுகால் ஒட்டினார்கள். முப்பரிமாணப் படத்துக்கு நாம் போடும் பழைய காகிதக் கண்ணாடியில் சிவப்பும் நீலமும் இருக்குமே, அதே உத்திதான். சிவப்பு வெளிச்சம் இதற்குச் சரியாகத் தெரியாது என்பதால் பச்சை. திரையில் ஒரு பூச்சி நகரும் படத்தைத் தட்டையாகக் காட்டியபோது அவை கையை நீட்டவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மிதப்பது போல முப்பரிமாணத்தில் காட்டியதும் பாய்ந்து பிடிக்கப் பார்த்தன. சோதனை முடிந்ததும் மெழுகை எடுத்துவிடலாம்.

இரண்டு கண்ணையும் சேர்த்துத் தூரத்தை அளக்கும் இந்தப் பார்வை, பூச்சிகளில் இதுவரை கும்பிடுபூச்சிக்கு மட்டும்தான் உறுதியாகி இருக்கிறது. தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கவும் இதற்கு முடியும். நாம் பார்த்தால் அது திரும்பிப் பார்ப்பதனால்தான் பிள்ளைகளுக்கு இதோடு ஒரு நட்பு வந்துவிடுகிறது என்று எனக்குப் படும்.

வண்ணத்தாளில் கண்ணாடி போட்ட கும்பிடுபூச்சி ஒன்று கட்டாயம் வேண்டும்!

வெள்ளைத்தாள்:

காதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கும்பிடுபூச்சிக்குக் காது ஒன்றே ஒன்றுதான், அதுவும் தலையில் இல்லை. மார்பின் அடிப்பக்கம், கடைசி ஜோடிக் கால்களுக்கு நடுவே ஒரு பள்ளம் மாதிரி இருக்கும். 1986இல் யேகர், ஹாய் என்ற இருவர் இதைக் கண்டு எழுதினார்கள். நமக்குக் கேட்காத மிக உயர்ந்த ஒலியைக் கேட்கத்தான் அந்தக் காது. ராத்திரியில் பறக்கும்போது வௌவால் எழுப்பும் ஒலி காதில் விழுந்தால், பறந்துகொண்டிருப்பது சட்டென்று திசை மாறிக் கீழே பாயும். பறக்காத பெண்பூச்சிகள் பலவற்றுக்கு இந்தக் காது அவ்வளவாக வேலை செய்யாது, சில இனங்களுக்குக் காதே கிடையாது.

மேலிருந்து வரைந்தால் இந்தக் காது தெரியாது. அதனால் என்ன, தாளின் பின்பக்கத்தில் பூச்சியின் அடிப்பாகத்தை வரையலாமே. தாளைத் திருப்பினால் பூச்சியையே திருப்பிப் பார்த்த மாதிரி இருக்கும்.

மாடிச்செடி:

எல்லோரும் அழகழகாகச் சொல்கிறீர்கள். நான் ஒரு சிக்கலான கேள்வியோடு வந்திருக்கிறேன். எட்டு வயது மகன், "பொம்பளைப் பூச்சி ஆம்பளைப் பூச்சியைத் தின்னுடுமாமே, நிஜமா?" என்கிறான். எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருக்கிறான். என்ன சொல்வது? கரிக்கோலிடமும் நாளைக்கு யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

தும்பிவீடு:

அந்த வயதுக்கு அது தேவையில்லை என்று நினைக்கிறேன். பேச்சை மாற்றிவிடலாம்.

நாற்கால்:

தும்பிவீடு, இந்த ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். நாம் மழுப்பினால் மிச்சத்தை வேறு யாராவது மிகைப்படுத்திச் சொல்வார்கள். உண்மையே அவ்வளவு பயங்கரமானது இல்லை. சில நேரம் தின்னும், எப்போதும் இல்லை. பெரும்பாலும் பசியோடு இருக்கும் பெண்பூச்சிதான் அப்படிச் செய்கிறது. வயிறார இரை கிடைத்த பெண்பூச்சிகளை வைத்துப் பார்த்தபோது ஆண்கள் தப்பித்துப் போயின. ஆணும் கண்ணை மூடிக்கொண்டு போய் மாட்டுவதில்லை. பின்பக்கமாக, அங்குலம் அங்குலமாக, காற்று அசையும்போது மட்டும் நகர்ந்து வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: "அதுக்குப் பசிச்சா எதிரே அசையறதைப் பிடிக்கும். தன் இனமா இல்லையான்னு பார்க்காது. முட்டைக்குள்ளே குஞ்சு வளரணும்னா அம்மாவுக்கு நிறையத் தீனி வேணும்." என் அக்கா பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ஆண் முதலிலேயே ஒரு ஈயைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே" என்றான். பயப்படவில்லை, வழி யோசித்தான்.

தும்பிவீடு:

சரி. நீங்கள் சொன்ன விதத்தில் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட பிறகு மட்டும். நாமாக எடுத்து, அதையே பெரிய சேதியாக்கக் கூடாது.

மாடிச்செடி:

நன்றி. இன்று ராத்திரி சொல்லிவிடுகிறேன். அந்த ஈ யோசனையையும் சேர்த்துத்தான்.

பழைய கிளை:

முட்டைக்கூட்டைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நான் செய்த ஒரு காரியம் இன்னும் உறுத்துகிறது. வண்ணத்தாள் கொடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதே தப்பைச் செய்துவிடக் கூடாது.

காய்ந்த குச்சியில் ஒட்டியிருந்த ஒரு கூட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஒடித்து எடுத்துவந்தேன். வெளிர்பழுப்பு நிறம், தொட்டால் காய்ந்த நுரை மாதிரி. உண்மையிலேயே நுரைதான் அது. தாய்ப்பூச்சி முட்டையோடு சேர்த்து நுரையைச் சுரக்கும், காற்றுப் பட்டதும் அது கெட்டியாகிவிடும். இனத்துக்கு ஏற்ப உள்ளே சில பத்து முட்டைகள் முதல் சில நூறு வரை இருக்கலாம். அதை மூடிபோட்ட ஒரு ஜாடியில் வைத்து அலமாரியில் வைத்தேன். நாள் ஆக ஆக மறந்தும் போனேன்.

ஒருநாள் காலை எடுத்துப் பார்த்தால் ஜாடி முழுக்கக் குஞ்சுகள். சில இன்னும் கூட்டிலிருந்து இழை பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிர்மஞ்சள் உடம்பு, அதில் கண் மட்டும் கருஞ்சிவப்பாக இரண்டு புள்ளி. ஒன்றன் கீழ் ஒன்றாக, மணி கோத்த திரை மாதிரி நெளிந்து நெளிந்து, முதல் சட்டையை உரித்துக் கால்களை விடுவித்துக்கொண்டிருந்தன. கொசு அளவுதான், ஆனால் அப்போதே முன்கால் மடக்கி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தன. வாழ்க்கையில் பார்த்த அழகான காட்சிகளில் அது ஒன்று. ஆனால் பாதிக்கு மேல் ஏற்கெனவே அசைவற்றுக் கிடந்தன. முந்தின நாளே பொரிந்தவை ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்திருந்தன. ஜாடியில் வேறு தீனி இல்லை, விலகி ஓட இடமும் இல்லை. மிச்சமிருந்தவற்றைச் செடிகளில் கொண்டுபோய் விட்டேன். எத்தனை பிழைத்தனவோ.

கூடு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கைப்பிடி அளவு நோட்டில் தேதி போட்டு, அது எப்படி இருக்கிறது என்று வாரம் ஒருமுறை வரையச் சொல்லுங்கள். பொரியும் நாளைப் பார்க்க முடியாமல் போனாலும் பரவாயில்லை. அப்புறம், கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் தெரிந்தால் அங்கே வேறு கதை நடந்திருக்கிறது. குட்டிக் குளவிகள் கூட்டில் முட்டையிட்டுவிடும், வெளியே வருவது கும்பிடுபூச்சியாக இராது.

இலைமறை:

பழைய கிளை, இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆர்க்கிட் கும்பிடுபூச்சியின் குஞ்சு பொரிந்தவுடன் எந்த நிறம் தெரியுமா? செம்மஞ்சளும் கறுப்பும். பூவின் சாயலே இருக்காது. பல இனங்களின் குஞ்சுகள் எறும்பு மாதிரிக் கறுத்து, எறும்பு மாதிரியே ஓடும், ஏனென்றால் எறும்பைத் தின்ன நிறையப் பேர் பயப்படுவார்கள். ஆக, குஞ்சு, வளர்ந்தது என்று இரண்டு படம் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே கிரேயான் ஆகாது.

நாற்கால்:

வளர்வதற்குள் ஐந்து முதல் பத்து முறை வரை சட்டை உரிக்கும், இனத்துக்கு இனம் மாறும். உரிக்கும்போது பார்க்கக் கிடைத்தால் தொடாமல் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும். முதுகில் தோல் பிளக்கும். உள்ளிருந்து வெளிறிய, ஈரமான உடம்பு நழுவி வரும். ஒவ்வொரு காலையும் பழைய காலுக்குள்ளிருந்து உருவி எடுக்கும், காலுறையைக் கழற்றுவது மாதிரி. கடைசியில் உரித்த சட்டை மட்டும் தொங்கும், அதில் முள் வரிசையும் உணர்கொம்பும்கூட அப்படியே இருக்கும். நடுவில் கை பட்டு அது கீழே விழுந்தால் கால் கோணிப்போய்விடும். ஏற்கெனவே கால் ஒன்றை இழந்த இளம்பூச்சிக்கு அடுத்தடுத்த உரிப்புகளில் புதுக் கால் முளைக்கும், கொஞ்சம் சின்னதாக.

மாடிச்செடி:

சொல்லிவிட்டேன். "அப்போ பாவம் ரெண்டு பேரும்" என்றான். அப்புறம் அடுத்த கேள்வி. இது கடிக்குமா, விஷம் உண்டா?

ராக்கண்:

விஷம் கிடையாது. பிடித்து அழுத்தினால் முள்காலால் கிள்ளும், எப்போதாவது கடிக்கவும் செய்யும், அவ்வளவுதான். கையை அதன் முன்னால் நீட்டிவைத்துக் காத்திருந்தால் சில நேரம் தானாகவே ஏறிவரும். மேலிருந்து பிடிக்கக் கூடாது. பறவை அப்படித்தான் வரும், அதனால் பயந்துபோகும்.

எங்கள் வீட்டில் இதைத் தயிர்க்கடைப் பூச்சி என்றுதான் சொல்வோம். நிற்கும்போது முன்னும் பின்னும் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் புரியும். காற்றில் அசையும் இலையோடு இலையாகத் தெரிய அந்த ஆட்டம். கிரேக்க மொழியில் மான்டிஸ் என்றால் வருவதை முன்கூட்டிச் சொல்பவர். ஒவ்வொரு மொழிக்காரரும் அதன் மடக்கிய கையைப் பார்த்து ஏதோ ஒன்றை நினைத்திருக்கிறார்கள்.

வெள்ளைத்தாள்:

ஒரு சின்னத் திருத்தம், வகுப்பில் சொல்லும்போது கவனிக்க. "கெட்ட பூச்சிகளைத் தின்று செடியைக் காப்பாற்றும் நல்ல பூச்சி" என்று நிறையப் பேர் சொல்லித்தருகிறார்கள். அது செடியைத் தின்னும் புழுவையும் தின்னும், தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் தின்னும். சிறு பறவைகளைப் பிடித்த நிகழ்வுகள்கூடப் பதிவாகி இருக்கின்றன. கர்நாடகத்தில் ஒரு மாடித்தோட்டத் தொட்டியில் ஒரே கும்பிடுபூச்சி ஐந்து நாள் தொடர்ந்து வந்து ஒன்பது கப்பி மீன்களைப் பிடித்துத் தின்றதை 2018இல் எழுதியிருக்கிறார்கள். நல்லது கெட்டது என்று பிரிக்காமல், "அசைவதைப் பிடிக்கும்" என்று சொன்னால் போதும்.

உறவுக்காரர்கள் யார் என்று கேட்டால் கரப்பான்பூச்சியும் கறையானும். வெட்டுக்கிளி இல்லை. பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள்.

கரிக்கோல்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று வகுப்பு நடந்தது. சொல்கிறேன்.

படத்தை முதலிலிருந்து வரைந்தேன். கால்கள் மார்பில், முன்காலில் முள், நெற்றியில் மூன்று புள்ளி. மூன்று தாள். ஒன்றில் வெறும் கிளையும் பூச்சியும், நிறம் அவர்கள் விருப்பம், பறவைக்குத் தெரியக் கூடாது என்ற ஒரே நிபந்தனை. இரண்டாவது மடித்த தாள், பகலும் ராத்திரியும். மூன்றாவதில் கண்ணாடி போட்ட பூச்சி. அதை எடுத்ததும் வகுப்பில் எழுந்த கூச்சல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

இலைமறை சொன்னபடி, பழைய சேற்று நிறத் தாளை எடுத்துக் காட்டி, "போன வாரம் நான் தப்பாச் சொல்லிட்டேன், இளஞ்சிவப்புக் கும்பிடுபூச்சி இருக்கு" என்று ஆர்க்கிட் கும்பிடுபூச்சியின் படத்தைக் காட்டினேன். அந்தப் பெண் உடனே சிரிக்கவெல்லாம் இல்லை. படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கிளை இருந்த தாளில் இலையை எல்லாம் விட்டுவிட்டு, முதலில் தானே ஐந்து பூ வரைந்தாள். வெள்ளையும் இளஞ்சிவப்பும் அடித்தாள். அப்புறம்தான் பூச்சிக்கு வந்தாள். முடித்ததும் அந்தப் பையனிடம் நீட்டி, "எங்க இருக்கு, கண்டுபிடி" என்றாள். அவன் கொஞ்ச நேரம் தேடினான்.

அவன் தன் தாளில் பாதிப் பூச்சிக்குப் பச்சையும் பாதிக்குப் பழுப்பும் அடித்திருந்தான். கேட்டால், "சட்டை உரிச்சிக்கிட்டு இருக்கு" என்றான்.

அடுத்த வாரத்துக்கு இதையே தொடரச் சொல்கிறார்கள். ஆண், பெண் இரண்டையும் வரைந்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கோட்டில் எப்படி வேறுபடுத்திக் காட்டுவது?

நாற்கால்:

ஆண் ஒல்லி, உணர்கொம்பு நீளம், சிறகு வயிற்றைத் தாண்டிப் போகும். பெண்ணுக்கு வயிறு பருமன், உணர்கொம்பு குட்டை. வளர்ந்த பூச்சியின் அடிவயிற்றில் வளையங்களை எண்ணினால் பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு எட்டு. அடிப்பக்கம் வரையும்போது வளையத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, எது எதுவென்று எழுதாமல் கொடுங்கள், அவர்களே எண்ணட்டும். காதையும் மறக்காதீர்கள், கடைசிக் கால்களுக்கு நடுவில்.